இருபத்துநான்காவது பொம்மை

செவ்வாயின் கவிகைநகரில் மணி ஆறு அடித்ததும் குழந்தைகள் மனநல டாக்டர் பூங்கோதை வழக்கம்போலத் தன் பதிலியை வீட்டுக்குச் சாப்பிட அனுப்பிவிட்டு வேலையில் உட்கார்ந்தாள்.

பதிலி என்றால் அச்சு அசல் அவளேதான். அதே முகம், அதே குரல், கோபம் வந்தால் மூக்கைச் சுளிப்பது உட்பட. கவிகைநகரில் எல்லோருக்கும் ஒன்று உண்டு. துருவப் பனிச்சுரங்கத்தில் வேலை பார்க்கும் அவள் கணவன் மகிழ்நனுக்கும் உண்டு. பத்து வயது மகள் தாரகைக்கும் பள்ளியில் ஒன்று கொடுத்திருந்தார்கள், புழுதிப்புயல் நாட்களில் வகுப்புக்கு அனுப்ப. பதிலிகள் சாப்பிடும், தும்மும், நகைச்சுவைக்கு நேரத்தோடு சிரிக்கும். கண்ணீர் மட்டும் வராது. அடுத்த பதிப்பில் அதுவும் வரும் என்று ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சாப்பாடு முடிந்ததும் பதிலியிடமிருந்து ஒரு சுருக்கம் வரும். 'மகள் நலம். பள்ளி நன்றாக இருந்ததாம். அவரைக்காய்ப் பொரியல் பிடித்தது.' இதைவிட ஒரு தாய்க்கு என்ன வேண்டும்?

அன்று பூங்கோதைக்கு வேறு கவலை. எதிரே சுஹைல் உட்கார்ந்திருந்தான். ஜோர்டானிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பையன், எட்டு வயது. கவிகைநகரில் ஆண்டுக்கொருமுறை எல்லாக் குழந்தைகளின் குடும்பப் பாசமும் அளக்கப்படும். அளப்பது உறவுமானி என்ற எந்திரம். நூற்றுக்கு நாற்பதுக்குக் கீழே வாங்கினால், குழந்தையை ஓராண்டு ஒரு மாதிரிக் குடும்பத்தில் கொண்டுபோய் வைப்பார்கள். சுஹைல் வாங்கியது பதினொன்று. அவனுக்கு ஒதுக்கப்பட்ட மாதிரிக் குடும்பம், மாலைச் சாப்பாட்டு மேசைப் பதிவுகளின்படி தொண்ணூற்றெட்டு வாங்கிய பூங்கோதையின் குடும்பமேதான்.

அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை. ஆனால் கன்னம் உப்பிய அந்தப் பையனைப் பார்த்தால், எந்தக் கோணத்திலும் பாசத்துக்கு ஏங்குகிறவனாகத் தெரியவில்லை. சோதனைதான் அரபுப் பிள்ளைகளுக்குப் பொருந்தவில்லை, பத்து நாள் கொடுங்கள், மாற்றித் தருகிறேன் என்று குழந்தை நல மன்றத்தில் வாயைக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். இன்று ஏழாவது நாள்.

சோதனை எளிமையானது. வயிற்றில் கீறல் வைத்த ஐந்து பொம்மைகள். அப்பாவின் பதிலி, அம்மாவின் பதிலி, உடன்பிறப்பு, வீட்டு எந்திரம், கடைசியாக முதுகைக் காட்டி நிற்கும் 'யாருமில்லை'. குழந்தை ஒவ்வொரு அட்டையாக எடுத்து, அது யாருக்குப் பொருந்துமோ அந்தப் பொம்மையின் வயிற்றில் போட வேண்டும்.

சுஹைல் முதல் நாளே பொம்மைகளை எண்ணிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். அவன் பேசுவது அரபி. அதை மொழிபெயர்த்துச் சொல்வது அவள் காதுச்சில்லு. அந்தச் சில்லைக் கோயம்புத்தூர்க்காரர் யாரோ பழக்கியிருந்ததால், அவளுக்கு உலகத்து அரபிகள் அத்தனை பேரும் கொங்குத் தமிழ்தான் பேசினார்கள்.

"ஏனுங் டாக்டரம்மா, மத்தவிங்கெல்லாம் எங்கீங்?"

"மத்தவங்கன்னா?"

"பெரியப்பனுங்க மூணு பேரு, அத்தைங்க நாலு பேரு, அவிங்க புள்ளைங்கெல்லாம். இந்த அஞ்சு பேரு எங்கூட்டுல ரொட்டி சுடவே பத்தாதுங்."

எண்ணினால் இருபத்துமூன்று உருப்படி. மூன்று நாளாகப் பொம்மை அச்சிட்டாள். அதற்குப் பிறகு அட்டைகள் மக்கர் செய்தன. 'இவர் என் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுவார்' என்பது பழைய சோதனையில் பகைமை அட்டை. எல்லோரும் ஒரே தாம்பாளத்தில் சாப்பிடுகிற வீட்டுப் பையன், என் தட்டு எது என்று கேட்டான். 'கதவைத் தட்டாமல் வருவார்' என்றால் எந்தக் கதவு என்றான். 'இவர் என்னைத் திட்டுவார்' என்ற அட்டையை முத்தமிட்டுப் பெரிய பெரியப்பாவின் வயிற்றில் போட்டான்.

"அவரு வையலீன்னாத்தானுங் பயமா இருக்கும்."

நிஜமாகவே கெட்ட அட்டைகளை மட்டும், பெரியவர்கள் மனம் நோகுமே என்று, பழைய சோதனையில் மொத்தமாக 'யாருமில்லை'க்குப் போட்டிருந்தான். உறவுமானி இதைப் பார்த்துத்தான், 'கண்ணுக்குத் தெரியாத எதிரி ஒருவனால் குழந்தை துன்புறுகிறது' என்று எழுதியிருந்தது.

பூங்கோதை ஒவ்வொன்றாகத் திருத்தினாள். இன்று அனேகமாக முடிந்துவிட்டது என்று நினைத்தபோது சுஹைல் தலையைச் சொறிந்தான்.

"ஒண்ணு கொறையுதுங்."

"இன்னுமா? யாருப்பா?"

"ஒரு புள்ளைங். எம்பக்கத்துலதான் உக்காந்து சாப்புடும். தெனமும் வரும்."

சித்தப்பா மகளோ யாரோ என்று பெருமூச்சு விட்டபடி இருபத்துநான்காவது பொம்மையை அச்சிட்டாள். 'இவர் வராவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது' என்ற அட்டையைச் சுஹைல் அதன் வயிற்றில் போட்டான். உறவுமானி கணக்குப் போட்டு, தொண்ணூற்றொன்று என்றது. பூங்கோதை துள்ளாத குறை.

ஆனால் மன்றம் லேசில் விடுமா? புதிய சோதனை எல்லோருக்கும் மதிப்பெண்ணை வாரி இறைக்காது என்று எப்படி நம்புவது, அரபி அல்லாத குழந்தை ஒன்றையும் சோதித்துக் காட்டுங்கள் என்றது. அதற்கென்ன, வீட்டிலேயே இருக்கிறாளே! மறுநாள் மாலை தாரகையை வரச்சொன்னாள்.

தாரகை வந்தாள். தலைமுடி கலையாமல், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நல்ல அட்டை எல்லாம் அம்மாவுக்கும் அப்பாவுக்கும், கெட்ட அட்டை ஒருவருக்கும் இல்லை. ஒரே நிமிடம். பூங்கோதைக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"முடிவை ஏற்பதற்கில்லை," என்றது உறவுமானி. "சோதிக்கப்பட்டவர் பதிலி."

பூங்கோதை மகளைப் பார்த்தாள். மகள் மரியாதையாகப் புன்னகைத்தாள்.

"தாரகை இப்போது வேறு அலுவலாக இருக்கிறாள். ஏதேனும் செய்தி உண்டா?" என்றாள்.

"அவ எங்க?"

"சுஹைல் வீட்டில். மாலைச் சாப்பாட்டுக்கு நூற்றெண்பது நாட்களாக அங்கேதான் போகிறாள்."

நூற்றெண்பது நாள்! வீட்டு மேசையில் மூன்று பதிலிகள் உட்கார்ந்து, அவரைக்காய்ப் பொரியலை ஒன்றுக்கொன்று பரிமாறி, தொண்ணூற்றெட்டு வாங்கியிருக்கின்றன. பூங்கோதைக்கு அவமானமாக இருந்தது. இருபத்துநான்காவது பொம்மையைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். பதிலியை அனுப்பும் எண்ணம் ஒரு கணம் வந்ததை அவள் பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

சுஹைல் வீட்டில் சந்தைக்கடை இரைச்சல். நடுவில் தாம்பாளம் நிறையச் சோறும் ஆட்டுக்கறியும். சுஹைலை இடித்துக்கொண்டு, முகமெல்லாம் தயிரோடு தாரகை.

சுஹைலின் அம்மா எழுந்து வந்தாள். அரபு வழக்கப்படி மகன் பெயரால் அவளை உம் சுஹைல் என்பார்கள். "வாங்க அம்மணி, உக்காருங்க."

"இது என் பொண்ணுங்க. ஒரு வார்த்தை எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா?"

உம் சுஹைல் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சாப்புட வந்த புள்ளைகிட்ட, நீ யாரூட்டுப் புள்ளைன்னு மூணு நாளைக்குக் கேக்கப்படாதுங்க. எங்க சனத்துல அது அசிங்கம். இது தெனமும் புதுசா வந்துச்சுங்களா, நாங்க தெனமும் மொத நாளாவே எண்ணிக்கிட்டோம்."

தாரகை அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். நம்பிக்கை வரவில்லை. அரைத்த மிளகாய் விழுதை ரொட்டியில் கனமாகத் தடவி நீட்டினாள்.

"சாப்பிடுங்க."

பூங்கோதை சாப்பிட்டாள். இரண்டாம் கடியில் கண் இரண்டும் குளமாகிவிட்டன.

"அம்மா!" என்று கத்திக்கொண்டு தாரகை கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "நீயேதான் வந்திருக்கியா!"

பூங்கோதை நெடுநேரம் கண்ணைத் துடைக்கவில்லை. மிளகாய் என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

சுஹைலைக் காப்பாற்ற ஒரு வழிதான் இருந்தது. பொம்மைகளையும் உறவுமானியையும் வரவழைத்து, அங்கேயே, அந்த இரைச்சலிலேயே, அசல் தாரகையைச் சோதித்தாள். மகள் ஒளிவு மறைவு இல்லாமல் அட்டைகளைப் போட்டாள். மதிப்பெண் பன்னிரண்டு. புதிய சோதனை யாருக்கும் சும்மா வாரி இறைக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பூங்கோதை பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்திட்டு அனுப்பினாள். மன்றம் உடனே ஏற்றது. சுஹைல் வீட்டிலேயே இருக்கலாம். தாரகையை மட்டும் ஓராண்டு மாதிரிக் குடும்பத்தில் வைக்க வேண்டும். முகவரியும் வந்தது. அவர்கள் உட்கார்ந்திருந்த வீடு.

உம் சுஹைல் சிரித்தாள். "அது வந்து ஆறு மாசமாச்சுங்க. நீங்களும் தெனம் வாங்க அம்மணி. மொத நாள்தான், ஒண்ணுங் கேக்க மாட்டோம்."

மன்றம் நான்கு மாதம் கழித்து ஆண்டறிக்கை வெளியிட்டது. பூங்கோதை வீட்டுப் பதிலிகளை அணைக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அவை தினமும் ஆறு மணிக்கு மேசையில் கூடி, பள்ளி எப்படி இருந்தது என்று கேட்டு, நன்றாக இருந்தது என்று சொல்லி, பொரியலைப் பரிமாறிக்கொண்டிருந்தன. மேசைப் பதிவுகளின்படி, செவ்வாயின் மிகச் சிறந்த குடும்பம் என்ற விருது அவற்றுக்குத்தான் கிடைத்தது. விழாவுக்கு மன்ற உறுப்பினர்கள் எல்லோரும் தங்கள் பதிலிகளை அனுப்பியிருந்தார்கள்.