ஆபேலின் கம்ப்யூட்டரில் கோளாறு இல்லை

திருத்தணி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த ஸ்வீட்லின், மழை விட்ட ஒரு மத்தியானம் ஜெபகுமாரியின் வீட்டுக்குப் போனாள். தொண்ணூற்றொன்பதாம் வருடம் அது. ஜெபகுமாரியின் கணவன் ஆபேல் முன்னறையில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்துக் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுத்தவன். இரண்டு மாதத்துக்கு முன் அந்த மேஜையடியிலேயே விழுந்து செத்துப்போனான். மாரடைப்பு என்று சொல்லி மறுநாள் காலையிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

அறையில் ஈரச் சிமெண்ட் வாடை. அதற்கடியில், மயிர் கருகியது போல் இன்னொரு வாடை.

கதவோரம் ஆபேலின் அண்ணன் யோபு நின்றிருந்தான்.

"பாடாவதி மிஷின்மா. பழைய இரும்புக்குப் போட்டுடச் சொல்லு."

"இத வெச்சுதான் நான் பொழைக்கணும் பாவா" என்றாள் ஜெபகுமாரி, தரையைப் பார்த்தபடி.

ஸ்வீட்லின் மூடியைக் கழற்றிவிட்டுச் சுவர் சுவிட்சைப் போட்டாள். உள்ளே மின்விசிறி சுழன்றது. மதர்போர்டைப் பார்க்கக் குனிந்து கை நீட்டினாள். நின்றுவிட்டது.

போர்டில்தான் ஷார்ட் என்று நினைத்தாள். மெமரியைக் கழற்றி, முனைகளை அழிரப்பரால் தேய்த்து மாட்டினாள். கார்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். கசிந்திருந்த பேட்டரியை வெட்டியெடுத்து, போர்டில் படிந்த பச்சைக் களிம்பைத் துடைத்தாள். அப்போதும் அதே கதைதான். மின்விசிறி சுழலும், அவள் கை நெருங்கும், அணைந்துவிடும்.

கடைக்குத் தூக்கிப்போனாள். அங்கே சாயங்காலம் வரை நிற்காமல் ஓடியது.

மறுநாள் திரும்பக் கொண்டுவந்து போட்டாள். கை நீட்டினாள். அணைந்தது.

அப்போதுதான் சுவரைப் பார்த்தாள். அதுவரை கவனிக்காமல் தட்டிக்கொண்டிருந்த சுவிட்ச் ஆஃபில் இருந்தது. யோபுவுக்குக் கையெட்டும் தூரம்.

"ண்ணா, நீங்க ஆஃப் பண்ணீங்களா?"

"நானா? நான் சும்மா நின்னுகினு கீறேன்."

அவள் நம்பவில்லை. நாலு ஸ்குரூ வாங்கிவரச் சொல்லி அவனைக் கடைக்கு அனுப்பிவிட்டுக் கதவைத் தாழிட்டாள். சுவிட்சைப் போட்டு, அதையே பார்த்தபடி, கையை மெல்ல நீட்டினாள்.

டக்.

பக்கத்தில் யாரும் இல்லை. சுவிட்ச் தானாக ஆஃபுக்கு நிமிர்ந்திருந்தது.

மூலையில் நின்ற ஜெபகுமாரி சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஸ்வீட்லின் டெஸ்டரை எடுத்துக் கம்ப்யூட்டரின் தகரக் கேபினெட்டில் வைத்தாள். சுவிட்சைப் போட்டதும் டெஸ்டர் சிவப்பாக எரிந்தது. தகரம் முழுக்கக் கரண்ட். ஃபியூசைப் பிடுங்கிவிட்டுப் பிளக் பெட்டியைத் திறந்தாள். எர்த் கம்பி இருக்கவேண்டிய இடத்தில் கரண்ட் கம்பியை முறுக்கி வைத்திருந்தார்கள்.

இதனால் மிஷின் நிற்காது. தொடுகிற ஆளைத்தான் நிறுத்தும்.

"இத யாரு மாட்டுனாங்கக்கா?"

"பாவாதான்." ஜெபகுமாரி அழவில்லை.

"போலீசுல சொல்லணும்க்கா."

"நான் சொல்லிக்கிறேன். நீ யாராண்டயும் வாய் தொறக்காத."

கதவைத் திறந்தபோது யோபு வாசலில் நின்றான். பிளக் பெட்டி திறந்து கிடப்பதைப் பார்த்தான். ஸ்குரூ பொட்டலத்தைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான்.

அடுத்த வாரம் ஜெபகுமாரி கூப்பிட்டனுப்பினாள். ஒயரிங்கைப் புதிதாக மாற்றியிருந்தாள்.

"பாவா திருப்பதி பஸ் ஏறிட்டாராம். இனிமே பயமில்ல."

டெஸ்டர் எரியவில்லை. ஸ்வீட்லின் உள்ளங்கையைக் கேபினெட்டில் அழுத்தி வைத்தாள். மிஷின் நிதானமாக ஓடியது.

"நீங்க உக்காருங்கக்கா."

ஜெபகுமாரி மிஷினில் விரல் வைத்தாள்.

டக்.

ஸ்வீட்லின் போட்டாள். ஓடியது. ஜெபகுமாரி தொட்டாள். அணைந்தது.

"போர்டுல இன்னும் ஏதோ கோளாறு, இல்ல?" ஜெபகுமாரியின் குரல் மிக மெதுவாக வந்தது.

"ஆங்" என்றாள் ஸ்வீட்லின். போர்டில் ஒரு கோளாறும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். இந்த முறை அது யாரையும் காப்பாற்ற அணையவில்லை. மாரடைப்பு என்று முதலில் சொன்னது யார்? அதை அவள் இதுவரை கேட்டதே இல்லை.

ஜெபகுமாரி அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"இரு, டீ போட்டாறேன். குடிச்சுட்டுத்தான் போவணும்."

உள்ளே டம்ளர் சத்தம். பிறகு கரண்டியால் கலக்கும் சத்தம். நிற்கவே இல்லை.

ஸ்வீட்லினின் மணிக்கட்டை ஒரு கை பற்றியது. கண்ணுக்குத் தெரியாத, ஈரமான, கல்லாய்க் குளிர்ந்த கை.

டீ வருவதற்குள் அவளை வெளியே அனுப்பிவிடப் பார்ப்பதுபோல், அது வாசல் பக்கம் இழுத்தது.