அவன் செய்யாத சத்தியம்

லிட்டில் இந்தியாவில் மழை பிடித்தால் அப்படித்தான்... குடையை விரிப்பதற்குள் நனைந்துவிடுவோம். சபையின் கிறிஸ்துமஸ் விற்பனைக்காகத் துணிக்கடை வாசலில் மேசை போட்டிருந்த பிரமிளாவின் முன்னால் ஒருவன் ஓடிவந்து ஒதுங்கினான். ஹெல்மெட்டைக் கழற்றினான்... அவ்வளவுதான். இந்தக் கண்களை எதற்குப் பார்த்தோம் என்று ஆகிவிட்டது அவளுக்கு. இமையில் மழைத்துளி வேறு.

"சும்மா நிக்கிறதுக்கு ஒரு துண்டு சாப்பிட்டுப் பாருங்க லா. நானே செஞ்ச கேக்."

வாங்கி வாயருகே கொண்டுபோனவன் அப்படியே நின்றான்.

"இதுல என்ன ஊத்துனீங்க?"

"ரம்தான். பழத்த ரெண்டு மாசம் ஊற வச்சேன். ஏன்?"

கேக்கை மேசையில் வைத்துவிட்டு, கொட்டுகிற மழையில் மோட்டாரைக் கிளப்பிக்கொண்டு போயேவிட்டான். பிரமிளாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். திமிர் பிடித்தவன்... ஆனால் திமிர் பிடித்தவன் இந்த மழையில் ஏன் அப்படி ஓடவேண்டும்?

வியாழக்கிழமை ஜெபக்கூட்டத்தில் அவனே எழுந்து சாட்சி சொன்னான். ஈப்போ வேலையை விட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்த அவளுக்கு அவனைத் தெரிந்திருக்க நியாயமில்லை.

"என் பேரு கோகுலன். குடிய விட்டு பதினோரு மாசம். சாயங்காலம் ஆறு மணியானா உடம்பு கேக்கும்... அந்த நேரத்துக்கு சபையில இருந்து தினம் ஒருத்தர் வந்து கூட உக்காந்து ஜெபம் பண்றாங்க. கர்த்தரும் என்னைய விடல, இவங்களும் விடல. சனிக்கிழமை மட்டும் கொஞ்சம் ஆடிப்போயிட்டேன். சபை பேனரப் பாத்து நம்பி ஒரு கேக் வாங்கிட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். பிரமிளாவுக்குத் தலையைத் தூக்க முடியவில்லை.

"மன்னிச்சிருங்க..." என்றாள், கூட்டம் முடிந்ததும்.

"பரவால்லங்க. பாக்க அழகாத்தான் இருந்துச்சு."

"கேக்கா?"

"...கேக்கும்."

அதன்பிறகு செவ்வாய்தோறும் சபை முறைக்குப் போகும் நல்லமுத்து அண்ணனோடு அவளும் அவன் வீட்டுக்கு ஜெபிக்கப் போனாள். கண்ணை மூடினால் ஆண்டவர் வராமல் அவன் வந்தான். இது இரக்கமா... காதலா... ஒன்றும் விளங்கவில்லை. அப்பாவின் ஞாபகம் வந்ததும் பயம் பிடித்தது. போவதையே நிறுத்திவிட்டாள்.

அவள் நிறுத்திய மூன்றாம் வாரம், ஆராதனை முடிந்து சபை வாசலில் மறித்தான்.

"நான் ஏதாச்சும் தப்பா பேசிட்டேனா?"

"இல்ல... எங்கப்பா குடிச்சே செத்தாரு. செத்தாலும் இனி தொடமாட்டேன்னு எத்தன சத்தியம். அம்மா எல்லாத்தையும் நம்புனாங்க. நீங்களும் பண்ணுவீங்கதானே?"

அவன் கையிலிருந்த ஹெல்மெட்டை வாசற்படியில் வைத்தான்.

"பண்ண ஆசைதான்... பண்ணமாட்டேன். இன்னிக்குக் குடிக்கல. நாளைக்கு விடிஞ்சதும் முழங்கால் போட்டு அந்த ஒரு நாளக் கேப்பேன். அதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் இல்லங்க."

அப்பா ஆயுசுக்கும் சேர்த்துச் சத்தியம் செய்தவர். இவனோ ஒரே ஒரு நாளுக்கு மேல் கேட்கவில்லை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. குழப்பம் மட்டும் அப்படியே இருந்தது.

"உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு," என்றாள். "பயமாவும் இருக்கு. எது பெருசுன்னு இன்னும் தெரியல."

"தெரியற வரைக்கும்...?"

"நீங்க ஒவ்வொரு நாளாத்தானே கேக்குறீங்க... நானும் ஒவ்வொரு நாளா காதலிச்சுக்கிறேன்."