பெரியாயி கூப்பிட்ட பெரட்டு

பெரியாயி என்ற பெயரைக் கேட்டதும் நீங்கள் வாட்டசாட்டமான ஓர் ஆளை மனத்தில் நினைத்திருப்பீர்கள். அந்த ஆளை அழித்துவிடுங்கள். நம்முடைய பெரியாயிக்குப் பதினொரு வயது. ஆறாம் வகுப்பில் அவள் வாங்கில், அதாவது பெஞ்சில், உட்கார்ந்தால் பின்னால் இருப்பவர்களுக்கு அவளுடைய ரிப்பன் மட்டும்தான் தெரியும். பெயர்தான் பெரிது, ஆள் அரைப்படி.

இலங்கையில், பண்டாரவளைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றாக, அவள் வீடு இருந்தது. பக்கத்து வீட்டில் இராக்கம்மா. இருவரும் ஒரே வகுப்பு, ஒரே வாங்கு, ஒரே குடை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரைதான் உண்டு. அதற்குமேல் படிக்கிற சிலர் குறுக்குப் பாதையில் இறங்கி டவுன் பள்ளிக்கூடத்துக்கு வருவார்கள். வந்தாலும் அங்கே அவர்கள் அதிகம் பேசமாட்டார்கள். கேட்டால் பதில் சொல்வார்கள், கேட்காவிட்டால் கம்மென்று இருப்பார்கள்.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. பிள்ளைகள் புத்தகம் மட்டும் படித்தால் போதாது, தொழிலும் தெரிய வேண்டும் என்று பள்ளிக்கூடங்களில் புதிதாக ஒரு பாடம் வைத்திருந்தார்கள். அந்தப் பாடம் வாஹித் சேர் என்ற ஆசிரியரின் தலையில் விழுந்தது. பள்ளி ஆண்டின் முதல் தவணையில் அவர் பிள்ளைகளோடு சேர்ந்து தேனீ வளர்த்தார். தேனீக்கள் சேரைக் கொட்டிவிட்டுப் பறந்து போயின. இரண்டாம் தவணையில் சவர்க்காரம் காய்ச்சினார். அது கடைசிவரை கட்டியாகவே இல்லை. ஆனாலும் வாஹித் சேர் சோர்ந்து போகிறவர் இல்லை. மூன்றாம் தவணையில் தொழில் நாள் ஒன்று வைக்கப்போவதாக அறிவித்தார். வெவ்வேறு வேலை செய்கிறவர்கள் பள்ளிக்கூடத்துக்கே வருவார்கள், பிள்ளைகள் அவர்களோடு உட்கார்ந்து பேசலாம் என்றார்.

அந்த நாளும் வந்தது. மண்டபத்தில் நான்கு மேசைகள் போட்டிருந்தார்கள். முதல் மேசையில் ஆஸ்பத்திரி நர்ஸ் ஸித்தி ஸுபைதா, வெள்ளைச் சீருடையோடு உட்கார்ந்திருந்தார். அடுத்த மேசையில் ரயில் கார்ட் ஸலீம். அவர் முன்னால் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. மூன்றாவது மேசையில் தையல்காரர் ஜாபிர், தன் மெஷினையே தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

நான்காவது மேசையைப் பார்த்ததும் தோட்டத்துப் பிள்ளைகள் விறைத்துப் போனார்கள். அங்கே அவர்களுடைய தோட்டத்துக் கணக்கப்பிள்ளை பொன்னையா, காக்கிக் கால்சட்டையும் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தார். மேசைமேல் ஒரு கொழுந்துக் கூடை இருந்தது.

எல்லாரும் கொடி மேசைக்கே ஓடிவிடுவார்கள் என்று வாஹித் சேருக்குத் தெரியும். அதனால் யார் எந்த மேசை என்று அவரே ஒரு தாளில் பிரித்து எழுதியிருந்தார். ஆனால் பண்டாரவளைக் குளிரில் அன்று அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். அங்கிருந்தவர்களில் குரல் பெரிதான ஆள் பொன்னையாதான். தாளை அவர் கையில் கொடுத்து, வாசிக்கும்படி சைகை காட்டினார்.

அங்கேதான் கோளாறு தொடங்கியது.

தோட்டத்தில் காலையில் பெரட்டு என்று ஒன்று உண்டு. விடிந்ததும் வேலையாட்கள் எல்லாரும் ஓரிடத்தில் வந்து நிற்பார்கள். கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு, இன்னார் கொழுந்துக்கு, இன்னார் புல்லு வெட்ட, இன்னார் தண்ணீர் ஓடுகிற கான் வெட்ட என்று பிரித்துவிடுவார். சொன்ன இடத்துக்குப் போக வேண்டியதுதான். எனக்கு அது வேண்டாம், இது வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. இந்தப் பிள்ளைகள் அதைப் பார்த்தே வளர்ந்தவர்கள்.

இப்போது அதே கணக்கப்பிள்ளை, அதே தொப்பி, அதே குரல்.

“பெரியாயி! நர்ஸ் மேசை!”

பெரியாயி நர்ஸின் வெள்ளைச் சீருடையையே பார்த்தாள். போன வருடம் அவளுடைய தம்பிக்கு வயிற்றோட்டம் வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே ஒரு நர்ஸ் அவளுடைய அம்மாவைப் பார்த்து, “உக்காருங்கம்மா” என்று சொன்னார். அம்மாவை அப்படி மரியாதையாக யாராவது கூப்பிட்டு அவள் அதுவரை கேட்டதில்லை. அன்றிலிருந்து அவளுக்கு நர்ஸாக வேண்டும் என்று ஆசை. யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலே கிடைத்துவிட்டதே!

ஆமாம், அவள் அப்படித்தான் நினைத்தாள். இன்றைக்கு எந்த மேசையோ, பெரியவளானதும் அந்த வேலைதான் என்று.

“இராக்கம்மா! தோட்ட மேசை!”

பெரியாயி திரும்பிப் பார்த்தாள். இராக்கம்மா தலையைக் குனிந்தபடி கொழுந்துக் கூடை இருந்த மேசைக்கு நடந்தாள். போகிற வழியில் ஒருமுறை நின்று பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். அவள் கண்களில் தண்ணீர் கட்டியிருந்தது.

பெரியாயியின் சந்தோஷம் அப்படியே வடிந்துவிட்டது. நர்ஸ் மேசையில் போய் உட்கார்ந்தாள். அங்கே ஸுபைதா எல்லாருக்கும் காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக் குழாயைக் காட்டினார். அவள் கண் அதில் நிற்கவில்லை. இராக்கம்மாவுக்கு ஏற்கெனவே நெஞ்சுச் சளி. மழையில் மலை ஏறினால் மூச்சு இரைக்கும். அவள் எப்படிக் காலம் முழுக்கக் கூடை சுமப்பாள்?

பெரட்டில் ஒரே ஒரு வழி உண்டு என்பது பெரியாயிக்குத் தெரியும். ஒருநாள் கால் வீங்கி நின்ற ஒரு பெண்ணுக்காக அம்மா கணக்கப்பிள்ளையிடம் போய், அவளுக்குப் போட்ட செங்குத்தான மலையைத் தான் எடுத்துக்கொண்டு தன் இடத்தை அவளுக்குக் கொடுத்திருக்கிறாள். இருவர் சம்மதித்தால் மாற்றிக்கொள்ளலாம்.

நர்ஸ் வேலையை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமே இல்லை. அழுகை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு எழுந்தாள். நேராகப் பொன்னையாவின் முன்னால் போய்க் கைகட்டி நின்றாள்.

“ஐயா, எங்க ரெண்டு பேரையும் மாத்திப் போடுங்க. இராக்கம்மா நர்ஸாகட்டும். நான் கொழுந்து எடுக்குறேன்.”

பொன்னையாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. தாளைப் பார்த்தார். கைகட்டி நின்றவளைப் பார்த்தார். மண்டபத்தில் இருந்த மற்றத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்தார். அவர்கள் எல்லாரும் அவரவர் மேசையில், வாய் பேசாமல், விதியே என்று உட்கார்ந்திருந்தார்கள். தையல் மேசையில் இருந்த நல்லையா, காலம் முழுக்கத் தைக்கப்போகும் மெஷினைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தான். பொன்னையா மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார்.

“சேர்,” என்று வாஹித் சேரைக் கூப்பிட்டார், “இந்தப் புள்ளைங்க இதப் பெரட்டுன்னு நெனச்சிக்கிட்டு இருக்குதுங்க. இன்னைக்குக் குடுத்ததுதான் காலத்துக்கும் வேலைன்னு.”

டவுன் பிள்ளைகள் சிலர் சிரித்தார்கள். வாஹித் சேர் சிரிக்கவில்லை. அவருக்கு முகம் சுண்டிப் போயிற்று. இருந்த கொஞ்சம் குரலையும் திரட்டி, இது சும்மா பேசிப் பார்க்கத்தான், யாருக்கு எந்த மேசை விருப்பமோ அங்கே போகலாம் என்று சொன்னார்.

டவுன் பிள்ளைகள் எழுந்து ஓடினார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் அசையவில்லை. சேர் மறுபடியும் சொன்னார். அவர்கள் பொன்னையாவைப் பார்த்தார்கள். பொன்னையா, “போங்க, போங்க” என்று கையை வீசினார். உடனே அத்தனை பேரும் எழுந்து, அவருடைய மேசைக்கு முன்னாலேயே ஒருவர் பின் ஒருவராக வரிசையில் வந்து நின்றார்கள்.

சேர் தலையில் கை வைத்துக்கொண்டார். தேனீக்களே தேவலை என்று அவருக்குத் தோன்றியிருக்கும்.

பெரியாயிக்கு இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. அவள் மற்றவர்களைப் பார்த்தாள். அவர்கள் ஏன் அசையவில்லை என்பதும் விளங்கியது. பெரட்டில் பேர் கூப்பிடாமல் யாராவது நகர்வார்களா?

“ஐயா, அந்தத் தாளக் கொஞ்சம் தாங்க” என்றாள்.

தாளை வாங்கிக்கொண்டு வாங்கின்மேல் ஏறி நின்றாள். முதுகை நிமிர்த்தி, பொன்னையாவின் குரலை அப்படியே எடுத்துவிட்டாள். அந்த அரைப்படி உடம்புக்குள் இருந்து அவ்வளவு பெரிய சத்தம் வந்ததைக் கேட்டு நர்ஸ் ஸுபைதா திடுக்கிட்டுத் திரும்பினார்.

“நல்லையா! ஒனக்கு எந்த மேசை?”

நல்லையா பழக்கத்தில் ஓரடி முன்னால் வந்துவிட்டான். வந்த பிறகுதான் இது கேள்வி என்பது உறைத்தது. விழித்தான், தலையைச் சொறிந்தான். பிறகு, கணக்கப்பிள்ளை வேலை எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும் என்று மெல்லிய குரலில் சொன்னான். சிரிப்புக் கிளம்பியது. பொன்னையாவும் சிரித்துவிட்டார். பக்கத்தில் இருந்த நாற்காலியை நல்லையாவுக்கு இழுத்துப் போட்டார்.

அதன்பிறகு பெரட்டு மளமளவென்று நடந்தது. ஒருத்தி தையல் மேசைக்குப் போனாள். ஒருவன் கொடி மேசைக்குப் பறந்தான். அடுத்த பேரைப் பார்த்ததும் பெரியாயியின் முகம் மலர்ந்தது.

“இராக்கம்மா! நீ நர்ஸ் மேசைக்குப் போடி!”

இராக்கம்மா போகவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“எனக்கு ரத்தத்தக் கண்டாலே தல சுத்தும். ஒனக்குத் தெரியாதா? எல்லாரையும் கேட்ட, என்னைய மட்டும் ஏன் கேக்கல?”

பெரியாயிக்குச் சுருக்கென்றது. தன் ஆசையைத் தூக்கிக் கொடுத்தோம் என்று பெருமைப்பட்டாளே, அது இவளுக்கு வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டாளா? பொன்னையா செய்ததைத்தான் அவளும் செய்திருந்தாள். வாங்கை விட்டு இறங்கினாள். இராக்கம்மாவுக்குப் பக்கத்தில் வந்து, கணக்கப்பிள்ளைக் குரலை விட்டுவிட்டுத் தன் சொந்தக் குரலில் கேட்டாள்.

“சரி. ஒனக்கு எது வேணும்?”

இராக்கம்மா கொடிகளைக் காட்டினாள். முன்பு அவள் கண் கலங்கி நின்றதுகூட அந்த மேசையைப் பார்த்துத்தான். இரண்டு பேரும் சேர்ந்தே கார்ட் ஸலீமிடம் போனார்கள். இந்த வேலைக்குப் பெண் பிள்ளைகளை எடுப்பார்களா என்று இராக்கம்மா கேட்டாள். ஸலீம் மோவாயைத் தடவினார். இன்னும் எடுக்கவில்லை என்று உண்மையைச் சொன்னார். பிறகு பச்சைக் கொடியை விரித்து அவள் கையில் கொடுத்து, “இப்படிப் புடிக்கணும். கை மடங்கக் கூடாது” என்றார். இராக்கம்மா பிடித்தாள். கை மடங்கவில்லை.

எல்லாரும் உட்கார்ந்தாயிற்று. மண்டபம் முழுக்க ஒரே பேச்சுச் சத்தம். நடுவில் பெரியாயி மட்டும் தாளோடு நின்றாள். கூப்பிடுகிறவளையே கூப்பிட ஆள் இல்லை. நர்ஸ் மேசை சில அடி தூரத்தில்தான் இருந்தது. ஆனாலும் கால் எழவில்லை. பழக்கம் அப்படி.

பொன்னையா அதைப் பார்த்தார். நல்லையாவிடம் பேசிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து, அவளிடமிருந்து தாளை வாங்கினார். இத்தனை வருடமும் மலை எட்டுகிற மாதிரிப் பேர் கூப்பிட்டவர், இப்போது அவளுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

“பெரியாயி, ஒனக்கு எந்த மேசை வேணும்மா?”

“நர்ஸ் மேசைங்க, ஐயா.”

முதல்முறையாக அவள் அதை வாய்விட்டுச் சொன்னாள். சொன்னதும் கால் தானாக எழுந்தது. ஸித்தி ஸுபைதா நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தார். அவளுடைய இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் நுனிகளில் மை அப்பியிருந்தது.

“மொதல்ல போய் நல்லா சோப் போட்டுக் கையைக் கழுவிட்டு வாங்க, மகள். எங்கட வேலை அதுலதான் தொடங்குது.”

பெரியாயி குழாயடிக்கு ஓடினாள். யாரும் பிரித்துக் கொடுக்காமல், அவளே கேட்டு வாங்கிய முதல் வேலை அது.