ஒரு ஊரோட வாங்க

சாரலுக்குப் பயந்து ஐந்தருவிச் சாலையில் ஒரு லாட்ஜ் வாசலில் ஒதுங்கினாள் வேல்விழி. தோளில் சொட்டென்று விழுந்தது... மழையல்ல, நீலப் பெயின்ட்.

“ஆளு நிக்கது கண்ணு தெரியலையாக்கும்?”

ஏணி மேலிருந்து இரண்டு கண்கள் பதறிப் பார்த்தன. ஈரத்தில் மினுங்கும் கண்கள்...

“ஓம், தெரிஞ்சது. அதாலதான் கை நடுங்கிட்டுது.”

“அது என்ன ‘ஓம்’? ‘ஆமா’ன்னு சொன்னா வாய் வலிக்குமோ?”

அவன் சிரித்தான். அவள் கோபம் எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை.

நிரோஷன், அகதி முகாமில் பிறந்தவன். பெற்றோர் மன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். இலங்கையை அவன் கண்ணால் கண்டதில்லை. பிறந்த மண்ணோ அவனைத் தன் பிள்ளையாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. முகாமில் செக்கிங் வந்தால் நேரில் போய் நிற்க வேண்டும். அப்போதெல்லாம் வேலையைப் பாதியில் விட்டு பஸ் ஏறுவான். தென்காசி பஸ் ஸ்டாண்டில் தற்செயலாக வந்தவள் போல அவள் நிற்பாள்.

“உங்கட வீட்டில வந்து கேக்கட்டா?” என்றான் ஒருநாள்.

அண்ணன் நம்பிராஜன் போலீஸ்காரன். அவளுக்குப் பயம். அதை மறைக்கத் திமிராகப் பேசினாள்.

“பொண்ணு கேட்டு வந்தா எங்க வீட்டுல மொதல்ல எந்த ஊருன்னுதான் கேப்பாவ. என்ன சொல்லுவிய? ஒரு ஊரோட வாங்க, பாப்போம்.”

அவன் அன்று சிரிக்கவில்லை.

சீசன் முடிந்து, வெயில் ஏறியபோது போன் வந்தது. பின்னால் கடல் இரைந்தது.

“மீன்பிடிப் படகுதான்... போற நாட்டில குடியுரிமை குடுப்பாங்களாம். ஊரோட வாறன். என்னைப் பிடிச்சிருக்கா எண்டு மட்டும் ஒரு சொல்லு சொல்லுங்கோ...”

எதிரே அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். “யாருட்டி அது?” என்றான்.

“ராங் நம்பர்,” என்று வைத்துவிட்டாள்.

படகு எந்தக் கரைக்கும் போய்ச் சேரவில்லை. எங்கள் பிள்ளை எங்கே என்று கேட்க அவனுக்கு ஒரு நாடும் இல்லை. அண்ணனிடம் சொல்லி விசாரித்திருக்கலாம்... யாரென்று சொல்லி விசாரிப்பாள்?

மறு சீசன் வந்தது. அதே லாட்ஜ் வாசலில் ஒதுங்கி நின்றாள். தலைக்கு மேலே அவன் அடித்த நீலம் அப்படியே இருந்தது. ஊர் யாருக்கு வேண்டும்... வெறுங்கையோடு வந்து நின்றிருந்தால் போதாதா...

அண்ணாந்து பார்த்தாள். அவன் கடைசியாகக் கேட்டதற்கு, அவன் சொல்லும் விதமாகவே பதில் சொன்னாள்.

“ஓம்.”