பக்கத்துப் படுக்கைக்காரி

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானத்தில் அந்த நர்ஸ், பெண்கள் வார்டில் வேலைக்கு வந்து சேர்ந்தாள். எங்கே போடுகிறார்களோ அங்கே போக வேண்டியதுதான். ஆனால் ஜன்னலோரப் படுக்கையைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அவள் தங்கை செத்த படுக்கை அது.

தங்கைக்குக் கல்லூரிப் படிப்பு முடிகிற வயசு. உடம்பு இளைக்க இளைக்க, வயிறு மட்டும் உப்பிக்கொண்டே போனது. அம்மா கதவைச் சாத்திக்கொண்டு, "யாருடி அவன்?" என்று கேட்டாள். அதன் பிறகு தங்கை யாரிடமும் வாய் திறக்கவில்லை. வாயுத் தொல்லை என்று மாத்திரை கொடுத்தார்கள். ஈரலிலிருந்து ரத்தம் வெளியேறும் குழாய்கள் உறைந்து அடைபட்டிருந்தது தெரிந்தபோது எல்லாம் கைமீறிவிட்டது.

இப்போது அந்தப் படுக்கை காலி. அடுத்த படுக்கையில் ஒரு கல்லூரிப் பெண், மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். வலது நுரையீரலைச் சுற்றி நீர். காசநோய் என்று மருந்து ஓடிக்கொண்டிருந்தது.

ஜன்னலில் மழை அறைந்தது. மருந்து நெடிக்கு நடுவே ஈரத் தலைமுடியின் வாசனை.

"சிஸ்டர்," அந்தப் பெண் கிசுகிசுத்தாள், "பக்கத்து பெட் அக்காவுக்கு என்ன? பாவம், அழுதுகிட்டே இருக்காங்க."

நர்ஸ் திரும்பினாள்.

விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"என்ன... என்ன சொல்றா?"

"நெஞ்சு இல்ல, ஈரலைப் பாக்கச் சொல்லுன்னு. அப்புறம்... 'நான் தப்பு பண்ணலம்மா'ன்னு."

நர்ஸ் கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஓடினாள்.

"நெஞ்சுல நீருக்கு ஈரலை எதுக்கும்மா பாக்கணும்?" என்றார் டாக்டர்.

"காசநோய் மருந்துக்கும் நீர் குறையலையே, டாக்டர். ஒரே ஒரு ஸ்கேன். உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

டாக்டர் திரையருகே குனிந்தார். ஈரல் வீங்கிக் கிடந்தது. வெளியேறும் குழாய்களில் ரத்த ஓட்டமே இல்லை. கசிந்த நீர் வயிற்றில் தங்காமல் நெஞ்சுக்கு ஏறியிருந்தது.

"வயிறு வீங்கவே இல்லையே..." என்றார், தனக்குத்தானே.

அடைப்பைத் திறந்தார்கள். அந்தப் பெண் பிழைத்து, தன் காலாலேயே நடந்து வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் நர்ஸ் தன் அம்மாவை வார்டுக்கு அழைத்து வந்தாள். நடந்ததைச் சொன்னாள், தங்கை 'நான் தப்பு பண்ணலம்மா' என்று அழுததையும் சொன்னாள். அம்மா காலிப் படுக்கையின் அருகே தரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் விரிப்பைத் தடவினாள்.

"நீ ஒரு தப்பும் பண்ணலடி கண்ணு. இந்தப் பாவிதான் வாய்க்கு வந்தபடி கேட்டேன். வீட்டுக்கு வந்துடுடி."

மழைச் சத்தம் அடங்கிப்போனது. தங்கை போய்விட்டாள் என்று நர்ஸ் நினைத்தாள். அம்மாவைத் தூக்கிவிடக் குனிந்தாள்.

நர்ஸின் வலது விலாவுக்குக் கீழே, ஈரல் இருக்கும் இடத்தில், ஒரு கை வந்து படிந்தது.

பனிக்கட்டி போல.

அம்மாவின் இரண்டு கைகளும் விரிப்பின் மேல்தான் இருந்தன.

"அக்கா," காதோரம் குரல் உடைந்தது, "நீயும் போய்ப் பாத்துக்கோக்கா."

கை விலகவில்லை.