மாமாவுக்கு ஒரு கைப்பிடி

சுண்டெலிக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தது அவளுடைய மாமாதான். ஓரிடத்தில் நிற்காமல் வீடு முழுக்க ஓடிக்கொண்டே இருப்பாளாம்.

மாமா, அம்மாவுக்கு அண்ணன். பேருந்து நடத்துனராக இருந்தவர். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போனதிலிருந்து இவர்களோடுதான் இருக்கிறார்.

அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனால் அம்மா வைத்த தண்ணீர் டம்ளரை மாமா தொடவே இல்லை.

“மாமா, உங்களுக்குத் தாகமே எடுக்காதா?”

“போன ஜென்மத்துல நான் ஒட்டகமா இருந்தேன்” என்றார் மாமா.

சுண்டெலி விழுந்து விழுந்து சிரித்தாள். மாலையில் குளியலறைக்குள்ளிருந்து ‘தடால்’ என்று சத்தம் கேட்டது. அம்மா தையல் மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

மாமா ஈரத் தரையில் வாளியைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். முழங்கை சிராய்த்திருந்தது.

“வாளி வழுக்கி விழப் பார்த்துச்சு. நான்தான் புடிச்சேன்” என்றார்.

இந்த முறை சுண்டெலிக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீர் குடித்தால் குளியலறைக்கு அடிக்கடி போக வேண்டும். அதற்குப் பயந்துதான் மாமா ஒட்டகம் ஆகிவிட்டார்!

மறுநாள் மாமாவுக்குக் கைகால் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபி அக்கா, அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டார். சுண்டெலியும் பின்னாலேயே போனாள்.

“குளியலறைச் சுவத்துல கைப்பிடிக் கம்பி வைக்கணும். வழுக்காத தரை போடணும். உட்கார்ந்து குளிக்க ஒரு நாற்காலியும் வேணும்.”

அம்மா மெதுவாகத் தலையாட்டினாள். கடையில் விலையைக் கேட்டுவிட்டு, வாங்காமல் திரும்பும்போதும் அம்மா அப்படித்தான் தலையாட்டுவாள்.

“அக்கா, பணம் இல்லாதவங்க வீட்டுல கம்பியை யாரு வச்சுக் குடுப்பாங்க?” என்று கேட்டுவிட்டாள் சுண்டெலி.

“ஏய், சும்மா இரு!” அம்மா அதட்டினாள்.

“அவளைத் திட்டாதீங்க. நான்தான் முதல்லயே சொல்லியிருக்கணும்” என்றார் அக்கா. “இதுக்கு நகராட்சியில உதவி உண்டு. எழுதிக் குடுங்க. ஒருத்தர் வந்து வீட்டைப் பார்ப்பாங்க. தேவைன்னு தெரிஞ்சா செலவை அவங்களே ஏத்துக்குவாங்க.”

அம்மா அன்றே போய் எழுதிக் கொடுத்தாள்.

சில வாரங்கள் கழித்து, அளவு நாடாவும் கையுமாக நகராட்சியிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். மாமா முகச்சவரம் செய்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு விறைப்பாக நின்றார்.

“குளிக்கிறதுல சிரமம் ஏதாவது இருக்கா சார்?”

“சிரமமா? எனக்கா? சிங்கம் மாதிரி இருக்கேன்!”

“விழுந்ததே இல்லையா?”

“வாளிதான் விழுந்துச்சு.”

அம்மாவின் முகம் தொங்கிப்போனது. அதிகாரி பேனாவை மூடினார்.

“அப்படின்னா சரி. வேற யாருக்காவது இந்த உதவியைக் குடுத்துடலாம்.”

‘மாமா பொய் சொல்றாரு!’ என்று கத்த சுண்டெலிக்கு வாய் துறுதுறுத்தது. அப்போதுதான் மாமாவின் இடது கையைப் பார்த்தாள். அதை அவர் முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தார். புது ஆள் முன்னால் மாமாவின் மானத்தை வாங்கலாமா? அவள் வார்த்தையை விழுங்கிக்கொண்டாள். கொஞ்சம் யோசித்தாள்.

“மாமா, பஸ்ஸுல மேல நீளமா கம்பி இருக்கே, அது எதுக்கு?”

பேருந்து என்றதும் மாமாவின் முகம் மலர்ந்தது. “நிக்கிறவங்க புடிச்சுக்கத்தான். டிரைவர் பிரேக் அடிச்சா எல்லாரும் முன்னால போய்க் குவிஞ்சிடுவாங்களே! ‘கம்பியைப் புடிச்சு நில்லுங்க!’ன்னு தொண்டை கிழியக் கத்துவேன்.”

“உடம்புல தெம்பு இல்லாதவங்க மட்டும்தான் புடிப்பாங்களா?”

“யாரு சொன்னா? மலை மாதிரி ஒரு பயில்வான் வருவாரு. ஏறினதும் அவருதான் முதல்ல புடிப்பாரு.”

“நீங்க?”

“நானும்தான். கம்பி இல்லாம ஓடுற பஸ்ஸுல யாரால நிக்க முடியும்? அதுல என்ன வெட்…”

வெட்கம் என்று சொல்ல வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். சுண்டெலியைப் பார்த்தார். அவள் ஒன்றும் தெரியாதவள்போல் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

மாமா இடது கையை முன்னால் கொண்டுவந்தார்.

“நான் விழுந்தேங்க. நாலஞ்சு தடவை. என் தங்கச்சிக்கு ஒரு தடவைதான் தெரியும். பயமா இருக்கு. பயத்துல தண்ணிகூடக் குடிக்கிறதில்ல.”

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதிகாரி ‘ஐயோ பாவம்’ என்றெல்லாம் சொல்லவில்லை. பேனாவைத் திறந்தார்.

“வாங்க சார், உள்ள போய்ப் பார்ப்போம். கம்பி எந்த உயரத்துல வேணும்னு நீங்கதான் காட்டணும்.”

“சுண்டெலி, சாக்பீஸ் எடுத்துட்டு வா!” என்று மாமா உத்தரவு போட்டார். சுவரில் அவரே கோடு போட்டுக் காட்டினார்.

உதவி கிடைக்கக் கொஞ்ச காலம் ஆனது. ஆனால் கிடைத்துவிட்டது. வேலையாட்கள் வந்து காது கிழியச் சுவரைத் துளைத்தார்கள். சொரசொரப்பான தரை வந்தது. பளபளக்கும் கம்பிகள் வந்தன. கால் நகராத நாற்காலியும் வந்தது.

அடுத்த திங்கட்கிழமை காலையில், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சுண்டெலி குளியலறைக் கதவைத் தட்டினாள். உள்ளே தண்ணீர் சலசலத்தது. மாமா ராகமே இல்லாமல் ஏதோ பாடிக்கொண்டிருந்தார்.

“மாமா! ஸ்கூலுக்கு நேரமாச்சு!”

“இரு, இப்பதான் தலைக்கு சோப்பு போட்டிருக்கேன்.” பாட்டு மறுபடியும் தொடங்கியது.

“அம்மா! மாமா வெளிய வரவே மாட்டேங்கிறாரு!”

“உனக்கு நல்லா வேணும்டி!” என்று அம்மா சிரித்தாள்.

சுண்டெலி கதவில் சாய்ந்து உட்கார்ந்தாள். அந்தத் தப்பு ராகத்திலேயே அவளும் கூடச் சேர்ந்து பாட ஆரம்பித்தாள்.