மூச்சறிகலம்

தவசீலன் அந்த மின்கலத்தில் ஆணியை இறக்கினான். வெடிக்கவில்லை. சூட்டுப்பெட்டியில் வைத்துப் பார்த்தான். இரு முனைகளையும் கம்பியால் இணைத்துப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் அது சமர்த்தாகத் தன்னைத் தானே அணைத்துக்கொண்டது. அவனுக்கு வயிறு எரிந்தது.

மலேசியாவின் கிள்ளானில், சிகரெட்டுக்குப் பதிலாக இழுக்கும் மின் ஆவிக்குழல்களைச் செய்யும் நிறுவனம் அது. எந்தக் குழலுக்கு எந்த மின்கலம் என்பதை வெகுகாலமாக அவன்தான் சொல்லிவந்தான். உறையில் பெரிய எண்ணை அச்சிட்டுவிட்டுப் பாதி மின்சாரம்கூடத் தேக்காத கலங்கள், ஆவியைக் கிளப்பும் சூட்டுச்சுருள் கேட்கும் மின்னோட்டத்தைத் தாங்காமல் சட்டைப்பையிலேயே கொதித்துவிடும் கலங்கள் என்று எத்தனையோ குப்பைகளை அவன் கழித்துக்கட்டியிருந்தான். புதிய குழலுக்கும் தரமான ஒன்றைத் தேடி வைத்திருந்தான். நிர்வாகமோ ரேணுகாதேவி கொண்டுவந்த மூச்சறிகலத்தை எடுத்துக்கொண்டது. அவனுக்கு வெகு பிந்தி வேலைக்கு வந்தவள் அவள். பாதுகாப்புப் பிரிவின் தலைமைப் பதவியும் அவளுக்குத்தான் என்று உணவகத்தில் பேசிக்கொண்டார்கள்.

மூச்சறிகலம், இழுப்பவரின் மூச்சையும் விரலின் துடிப்பையும் படிக்கும். மனம் கொதிக்கிறவர்கள்தான் பொத்தானை விடாமல் அழுத்திக் கலத்தைக் காய்ச்சிவிடுகிறார்கள் என்பது ரேணுகாவின் கட்சி. அப்படிப்பட்டவர் கையில் கலம் மின்னோட்டத்தைக் குறைத்துவிடும். அமைதியாக இழுப்பவருக்கு அள்ளிக் கொடுக்கும்.

தவசீலனுக்கு அது அள்ளிக் கொடுக்கவில்லை. எத்தனை கலம் மாற்றியும் நூல்போலத்தான் ஆவி வந்தது. தான் அமைதியாகத்தான் இருக்கிறோம் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. ஆகவே பழுது கலத்தில்தான் என்று முடிவுகட்டினான். மனசுக்குள் இனித்தது.

அடுத்த கூட்டத்தில், நிர்வாகி காளிமுத்துவின் எதிரில் குழலை எடுத்து நீளமாக இழுத்தான். வாயிலிருந்து ஏதோ கொஞ்சம் கசிந்தது. முழு மின்னேற்றம் இருந்தும் இதுதான் கதி என்றான். காளிமுத்து அதே குழலை வாங்கி இழுத்தார். அவர் முகமே தெரியாத அளவுக்கு ஆவி எழுந்தது. குழல் மேசையைச் சுற்றி வந்தது. எல்லோர் கையிலும் நன்றாகவே வேலை செய்தது.

"அண்ணே, கலத்துல ஒண்ணும் கோளாறு இல்ல," என்றாள் ரேணுகா. அவள் குரலில் கேலி இல்லை. அதுதான் அவனை அதிகம் சுட்டது. "நீங்க கொஞ்சம் ஓய்வு எடுங்க."

அறையில் யாரும் அவனை நேராகப் பார்க்கவில்லை. பதவி அவளுக்குப் போனது.

குழல் சந்தைக்கு வந்ததும் ஊர் அதை வேறு விதமாகப் பிடித்துக்கொண்டது. வீடு வாங்கியவன் விருந்துக்கு வந்தவர்களிடம் குழலை நீட்டி, யாருக்கு ஆவி மெலிகிறது என்று பார்த்தான். பெண் வீட்டார் சம்பந்திகளைச் சோதித்தார்கள். புகைக்காதவர்களும் பயந்து பயந்து ஓர் இழுப்பு இழுத்தார்கள். மறுத்தால் மனசில் ஏதோ இருக்கிறது என்று ஆகிவிடும். நிறுவனமும் தலைமைப் பதவிகளுக்கு இழுப்புச் சோதனையைக் கட்டாயமாக்கியது.

பினாங்கிலிருந்து சர்வேசன் என்ற பொறியாளர் வந்து சேர்ந்தது அதற்குப் பிறகுதான். ரேணுகாவின் கலத்தைவிடப் பாதி எடையில், இரட்டிப்பு நேரம் உழைக்கும் கலத்தை அவர் செய்து காட்டினார். காளிமுத்து அவரைத் தோளில் தட்டிப் பாராட்டியபோது எல்லோரும் கைதட்டினார்கள். வாடிக்கைப்படி மூச்சறிகலக் குழல் சுற்றி வந்தது.

ரேணுகா இழுத்தாள். நூல்போல ஒரு கோடு வந்து காற்றில் கரைந்தது. அவள் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டு, அவசரமாகக் குழலைப் பக்கத்திலிருந்த தவசீலனிடம் தள்ளினாள்.

"சளி, பாஸ். ரெண்டு நாளா விடல," என்றாள்.

தவசீலன் அவள் காது சிவந்திருப்பதைப் பார்த்தான். எத்தனையோ மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் சட்டென்று இறங்கியது. உடம்பெல்லாம் குளிர்ந்தது. குழலை வாயில் வைத்து நிதானமாக, ஆசைதீர இழுத்தான்.

கிளம்பிய ஆவியில் மேசை மறைந்தது, எதிர்ச்சுவர் மறைந்தது. அது விலகியபோது காளிமுத்து அவனை வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"தவா, உங்க மனசு இவ்ளோ தெளிவா இருக்கும்னு நான் நெனைக்கல லா," என்றார்.

அந்த வாரமே பாதுகாப்புப் பிரிவு அவன் கைக்கு வந்தது.